அக்குளைப் பற்றி முன்னாலேயே கேட்டுவிடுங்கள்

மார்பில் புற்றுக்கட்டி என்றதும் எல்லாரும் மார்பைப் பற்றித்தான் கேட்டார்கள். முழுசா எடுப்பாங்களா, கட்டியை மட்டும் எடுப்பாங்களா, முடி கொட்டுமா என்றெல்லாம் கேட்டார்கள். அக்குளைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆபரேஷன் முடிந்து மாதங்கள் ஓடிவிட்ட பிறகு இப்போது பார்த்தால், என் அன்றாட வாழ்க்கையைத் தொட்ட முடிவுகளில் பாதிக்கு மேல் அக்குளைப் பற்றியவை. கை வீங்குமா, தோளைத் தூக்க முடியுமா, இன்னொரு ஆபரேஷன் வேண்டுமா எல்லாமே அங்கேதான் இருக்கிறது. அந்த முடிவுகள் நாம் மயக்கத்தில் கிடக்கும்போது எடுக்கப்படுகின்றன. ஆகவே மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டு முடிக்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. எனக்கு அவற்றை யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றாக, சிலதைப் பணம் கொடுத்து, கற்றுக்கொண்டேன். நான் டாக்டர் இல்லை, மும்பையில் செம்பூரிலிருந்து வாஷிக்கு ரயில் ஏறி கணக்கெழுதப் போகிறவள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கணவருக்கு மஸ்கட்டில் வேலை. மகளுக்கு அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. அம்மா அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள், இதய நோயாளி, அவளிடம் சொல்லவே இல்லை. கணவர் உடனே கிளம்பி வருகிறேன் என்றார். லீவையெல்லாம் இப்போதே தீர்த்துவிட்டால் ரேடியேஷன் நேரத்தில் என்ன செய்வது என்று நான்தான் தடுத்தேன். அதனால் ஆஸ்பத்திரி, ஸ்கேன், இன்ஷூரன்ஸ் மேஜை எல்லாவற்றுக்கும் தனியாகத்தான் அலைந்தேன். தைரியசாலி என்று ஆபீசில் சொன்னார்கள். ஒவ்வொரு வரிசையிலும் பக்கத்தில் நின்ற பெண்ணோடு ஒரு அக்காவோ புருஷனோ ஃபைலைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது, தைரியம் ஒன்றும் வரவில்லை.

நோய் கண்டுபிடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடது மார்பில், அக்குளை ஒட்டிய பக்கம், 1.8 சென்டிமீட்டர் கட்டி. மேமோகிராம், சோனோகிராஃபி, ஊசி போட்டுச் சதை எடுக்கும் பயாப்ஸி என்று வழக்கமான வரிசை. ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனைப் பிடித்து வளரும் வகை; ஹெர்2 நெகட்டிவ், அதாவது ஹெர்2 என்ற புரதம் அதிகமில்லாதது. அக்குளில் சந்தேகப்படும்படி ஒன்றும் தெரியவில்லை என்று சோனோகிராஃபியில் எழுதியிருந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்து நர்சிங் ஹோமில் பார்த்த சர்ஜன் நல்ல மனிதர், நிதானமாகப் பேசினார். "கட்டியை எடுத்துடலாம், கையோடு அக்குளையும் சுத்தம் பண்ணிடலாம். அப்புறம் கவலையே இல்லை" என்றார். அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை எல்லாம் எடுப்பதைத்தான் அப்படிச் சொன்னார். அக்குளில்தான் ஒன்றும் தெரியவில்லையே என்று கேட்டேன். "இருந்தாலும் எடுத்துட்டா நிம்மதி" என்றார். யாருக்கு நிம்மதி என்று எனக்குப் புரியவில்லை. டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து இயங்கும் நவ்யா என்ற இணைய ஆலோசனைச் சேவைக்கு ரிப்போர்ட்டுகளை அனுப்பினேன். பரேலில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நிற்காமலே எழுத்தில் கருத்து கிடைக்கும் வழி அது. பதிலில், அக்குள் முடிச்சுகளை முழுவதும் எடுக்காமல் சென்டினல் முடிச்சு பரிசோதனை செய்யலாம் என்று இருந்தது. அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

விஷயம் இதுதான். மார்பிலிருந்து வடியும் நிணநீர் பெரும்பாலும் அக்குளில் உள்ள முடிச்சுகளுக்குத்தான் போகிறது. காய்ச்சல் வந்தால் நெறி கட்டிக்கொள்ளும் என்பார்களே, அதே முடிச்சுகள். ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும் இருபது, முப்பது இருக்கலாம். புற்றுச் செல்கள் பரவினால் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகளைத்தான் சென்டினல் என்கிறார்கள். செம்பூரில் ஏறியவர் வாஷிக்குப் போக வேண்டுமென்றால் கோவண்டியைத் தாண்டாமல் போக முடியாது, அந்த மாதிரி. கோவண்டியில் யாரும் இல்லையென்றால் வாஷியிலும் அநேகமாக இருக்க மாட்டார்கள். எனவே அந்த முதல் முடிச்சுகளை மட்டும் தேடி எடுத்துச் சோதித்து, சுத்தமாக இருந்தால் மற்றவற்றைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். மார்பகப் புற்றில் இது 1990களில் வந்த முறை. 1993இல் டேவிட் க்ராக் குழு கதிரியக்க மருந்தை வைத்தும், 1994இல் அர்மாண்டோ ஜூலியானோ குழு நீலச் சாயத்தை வைத்தும் செய்து காட்டினார்கள். பிறகு என்.எஸ்.ஏ.பி.பி. பி-32 என்ற ஆய்வில் 5,611 பெண்களைச் சேர்த்தார்கள். சென்டினல் சுத்தமாக இருந்தவர்களில், மேற்கொண்டு அக்குளை முழுசாக எடுத்தவர்களும் எடுக்காமல் விட்டவர்களும் ஒரே மாதிரிதான் உயிர் பிழைத்திருந்தார்கள் என்று 2010இல் முடிவு வந்தது. என் வீட்டுப் பக்கத்தில் ஒரு சர்ஜன் அதற்கு இத்தனை வருடம் கழித்தும் கையோடு சுத்தம் பண்ணிடலாம் என்கிறார். முழுசாக எடுத்தால் நூறு பேரில் ஏறத்தாழ இருபது பேருக்குக் கை வீக்கம் வருகிறது, சென்டினல் மட்டும் எடுத்தால் ஐந்தாறு பேருக்கு. இந்த ஒரு கணக்கு தெரிந்ததும் நர்சிங் ஹோமை விட்டுவிட்டேன்.

இரண்டாவதாகப் போனது கொஞ்சம் பெரிய தனியார் ஆஸ்பத்திரி. அங்கே மார்பக ஆபரேஷனையே வேலையாகச் செய்யும் ஒரு பெண் சர்ஜன் இருந்தார். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, எந்த முறையில் முடிச்சைத் தேடுவீர்கள் என்பது. நீங்களும் இதையே முதலில் கேளுங்கள். ஏனென்றால் முறைகள் பல. மெத்திலீன் ப்ளூ, ஐசோசல்ஃபன் ப்ளூ மாதிரி நீலச் சாயம் ஒன்று. டெக்னீசியம் 99எம் என்ற கதிரியக்க மருந்து இன்னொன்று, அதைக் காமா ப்ரோப் என்ற கருவி சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். ஐசிஜி என்று சுருக்கமாகச் சொல்லும் பச்சைச் சாயம் மூன்றாவது, அது தனிக் கேமராவில் மட்டும் ஒளிரும். இவற்றில் இரண்டைச் சேர்த்துச் செய்தால் முடிச்சு கிடைக்காமல் போகும் வாய்ப்பும் குறைவு, நோய் இருந்தும் இல்லை என்று தவறான பதில் வரும் வாய்ப்பும் குறைவு. முக்கியமாக, முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்பவர்களுக்கு இரண்டு முறையையும் சேர்த்துச் செய்வதும், குறைந்தது மூன்று முடிச்சாவது எடுப்பதும் அவசியம் என்று அவர் சொன்னார். அக்குள் முடிச்சில் நோய் இருந்து கீமோவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். கீமோ தொடங்குவதற்கு முன்னாலேயே அந்த முடிச்சில் ஒரு சின்ன கிளிப் வைப்பார்களா என்று. கீமோவில் முடிச்சு சுருங்கிச் சாதாரணமாகிவிட்டால் பிறகு எது நோயிருந்த முடிச்சு என்று தேடுவது கஷ்டம்.

எனக்கு டெக்னீசியமும் நீலமும் என்று முடிவானது. இதில்தான் என் பணம் போன இடம் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியில் நியூக்ளியர் மெடிசின் பிரிவு கிடையாது. ஊசியும் ஸ்கேனும் வெளியே ஒரு சென்டரில், ஆபரேஷன் இங்கே. டெக்னீசியம் மருந்துக்கடையில் வாங்கி ஃப்ரிட்ஜில் வைக்கும் சரக்கு இல்லை. ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். மாலிப்டினம் 99 அடைத்த ஜெனரேட்டர் என்ற பெட்டியிலிருந்து அவ்வப்போது கறந்து எடுக்கிறார்கள். அந்த மாலிப்டினமும் 66 மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஆகவே பெட்டியை அடிக்கடி மாற்றவேண்டும். எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது எப்படியென்றால், முந்தின நாள் மாலை அட்மிட் ஆகி, ராத்திரி பட்டினி கிடந்து, காலையில் டாக்சிக்குக் காத்திருக்கும்போது சென்டரிலிருந்து போன் வந்தது. ஜெனரேட்டர் வந்து சேரவில்லை, இன்றைக்கு ஊசி கிடையாது என்றார்கள். சர்ஜன் நீலத்தை மட்டும் வைத்துச் செய்ய ஒப்பவில்லை, தள்ளிப்போடலாம் என்றார். அதற்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் பில் கவுன்டரில் அறை வாடகை, நர்சிங், அது இது என்று 11,400 ரூபாய் கட்டிவிட்டுத்தான் வெளியே வர முடிந்தது. சிகிச்சை எதுவும் நடக்காத அட்மிஷன், அதனால் கேஷ்லெஸ் கிடையாது என்று, இன்ஷூரன்ஸ் கிளெய்மைக் கவனிக்கும் டிபிஏ மேஜையில் சொன்னார்கள். ப்ரீ-ஆதரைசேஷன் என்ற இன்ஷூரன்ஸ் முன் அனுமதியைத் தேதி மாற்றி மறுபடி வாங்கவேண்டியிருந்தது. ஆபீசில் போட்ட லீவும் போயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நோய் தெரிந்த அன்றுகூட அப்படி அழவில்லை.

அதனால் உங்கள் ஆஸ்பத்திரியில் ஐசோடோப், அதாவது இந்தக் கதிரியக்க மருந்து, வெளியிலிருந்து வருகிறதென்றால், தேதி குறிக்கும்போதே சில விஷயங்களைப் பேசிவிடுங்கள். சென்டருக்கு ஜெனரேட்டர் எந்தக் கிழமை வரும் என்று கேட்டு, வந்து சேருவதற்கு இடம் விட்டு நாள் குறிக்கச் சொல்லுங்கள். ஊசியைப் போட்ட பிறகு அட்மிட் ஆக முடியுமா என்று கேளுங்கள். இரண்டாம் முறை எனக்கு அப்படித்தான் செய்தார்கள். முந்தின நாள் பிற்பகலில் ஊசி, ஸ்கேன், அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. ஆறு மணி நேரத்தில் பாதியாகும் மருந்து மறுநாள் காலைவரை தாங்குமா என்று பயந்தேன். முந்தின நாளே போடுவதாக இருந்தால் அதற்கேற்றபடி கூடுதல் அளவு போடுவார்கள், ப்ரோபுக்கு அது போதும். வருமா வராதா என்ற சந்தேகத்தோடு அறை வாடகை கட்டிக்கொண்டு படுத்திருக்க வேண்டியதில்லை. ஸ்கேன் சென்டர் பில் எனக்கு 9,500 ஆயிற்று, ரொக்கம். அது ஆஸ்பத்திரி பாக்கேஜில் வராது, ஆனால் ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தைய செலவு என்ற பிரிவில் பிறகு திருப்பிக் கேட்கலாம். பெரும்பாலான பாலிசிகளில் 30 அல்லது 60 நாள் வரை உண்டு. அதற்குச் சர்ஜன் கையெழுத்தோடு ஸ்கேன் சீட்டு, உங்கள் முழுப் பெயரோடு அசல் பில், ரிப்போர்ட் மூன்றும் வேண்டும். பில்லில் இனிஷியல் மாறியிருந்தால் அங்கேயே நின்று திருத்தி வாங்குங்கள்.

ஊசி வலிக்குமா என்று கேட்பவர்களுக்கு: வலிக்கும். காம்பைச் சுற்றித் தோலுக்குள் போட்டார்கள். மிளகாய் பட்ட மாதிரி எரிந்தது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. மரத்துப்போகும் க்ரீம் தடவச் சொல்லி முன்பே கேட்கலாம் என்று பிறகு ஒருவர் சொன்னார். போட்டதும் அந்த இடத்தை நன்றாகத் தேய்த்துவிட வேண்டும், மருந்து நகர்வதற்கு. பிறகு காமா கேமராவுக்குக் கீழே கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு படுக்கை. அங்கே வேலை செய்த அம்மாள் தாராவிக்காரர், பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம். என் ஃபைலில் பெயரைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கூட யாரும் வரலியா?" என்றார். வரவில்லை என்றேன். வேறொன்றும் கேட்காமல் என் பையை எடுத்துத் தன் மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டார். திரையில் அக்குள் பக்கம் ஒரு புள்ளி தெரிய ஆரம்பித்ததும், "அந்தா தெரியுது பாருங்க" என்று காட்டினார். தோலில் அந்த இடத்துக்கு நேராக மார்க்கரில் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள். குளிக்கும்போது அதைத் தேய்த்துவிடாதீர்கள். கதிரியக்கம் என்ற வார்த்தைக்குப் பயந்து மகளைப் பக்கத்தில் விடலாமா என்று கேட்டேன். அளவு மிகக் குறைவு, பெரிய பெண் தாராளமாக இருக்கலாம், கர்ப்பிணிகளும் கைக்குழந்தையும் மட்டும் அன்றைக்கு மடியில் ஒட்டி இருக்க வேண்டாம் என்றார்கள். பாலூட்டுகிறவர்கள் கண்டிப்பாக முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

அடுத்தது மாத்திரைச் சீட்டு. பயாப்ஸி வந்த நாளிலிருந்து தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு என்று எங்கள் குடும்ப டாக்டர் எஸ்சிட்டலோபிராம் எழுதிக் கொடுத்திருந்தார். நான் கணக்கெழுதுகிறவள் ஆனதால் சாப்பிடும் மாத்திரையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஃபைலின் மேலேயே கிளிப் போட்டு வைத்திருந்தேன். அட்மிஷனில் எழுதிக்கொண்ட ஜூனியர் டாக்டர் தைராய்டு மாத்திரையை மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார். ராத்திரி பார்க்க வந்த மயக்க மருந்து டாக்டர்தான் என் தாளைப் பார்த்துவிட்டு, "இது எவ்வளவு நாளா?" என்று கேட்டார். மெத்திலீன் ப்ளூவும் இந்த வகை மனநல மாத்திரையும் உடம்பில் ஒன்றாகச் சேர்ந்தால் செரோடோனின் கூடி ஜுரம், நடுக்கம், குழப்பம் என்று ஆபத்தாகப் போகலாம். அமெரிக்க மருந்துத் துறை 2011இலேயே எச்சரித்திருக்கிறது. மார்பில் போடுவது சின்ன அளவுதான், எல்லாருக்கும் வருவதில்லை, ஆனாலும் வேறு வழி இருக்கும்போது எதற்கு என்றார். சர்ஜனுக்குப் போன் செய்து பேசி, நீலத்துக்குப் பதில் ஐசிஜி என்று மாற்றினார்கள். ஐசிஜியில் அயோடின் இருப்பதால் அயோடின் அலர்ஜி உண்டா என்று கேட்டுக்கொண்டார்கள். கேமராவுக்குப் பாக்கேஜுக்கு வெளியே 12,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு நான் வருந்தவில்லை. மனநல மாத்திரை சாப்பிடுவதை வெளியே சொல்ல நம்மில் பலர் கூசுகிறோம், குறிப்பாகக் கூட மாமியாரோ கொழுந்தனோ நிற்கும்போது. மயக்க மருந்து டாக்டரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள். ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு இருப்பவர்களுக்கும் மெத்திலீன் ப்ளூ ஆகாது.

பக்கத்துப் படுக்கையில் இருந்த உல்லாஸ்நகர் அக்காவுக்கு நீலம்தான் போட்டார்கள். ஆபரேஷன் முடிந்த ராத்திரி பாத்ரூமுக்குப் போய்விட்டு அலறிக்கொண்டு வந்தார், சிறுநீர் பச்சை நீலமாகப் போகிறதென்று. ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடும், மார்புத் தோலில் உள்ள நீலக்கறை மாதக்கணக்கில்கூட இருக்கலாம் என்று நர்ஸ் சொன்னார். இதை முன்னாடியே ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த அக்காவுக்கு அந்த ராத்திரித் தூக்கமாவது கிடைத்திருக்கும்.

இனி சம்மதப் படிவம். நான் எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைப்பது இதைத்தான். அதில் கட்டி அகற்றல், சென்டினல் முடிச்சு பரிசோதனை, அதற்குப் பக்கத்தில் தேவைப்பட்டால் முழு அக்குள் அகற்றல் என்று அச்சடித்திருந்தது. தேவைப்பட்டால் என்பது எப்போது? சர்ஜனிடமே கேட்டேன், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எடுத்த முடிச்சைத் தியேட்டரிலிருந்தே லேபுக்கு அனுப்பி, உறையவைத்து வெட்டிப் பார்ப்பார்கள், ஃப்ரோசன் செக்‌ஷன். அரைமணி போலாகும், அதுவரை நாம் மயக்கத்திலேயே இருப்போம். சுத்தம் என்றால் தையல் போட்டு முடித்துவிடுவார்கள். நோய் இருக்கிறது என்றாலும் உடனே எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்பதில்லை. கட்டி சிறியது, கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மார்பு முழுவதற்கும் ரேடியேஷன் கொடுக்கப் போகிறோம், ஒன்று அல்லது இரண்டு முடிச்சில் மட்டும்தான் நோய் என்றால், மிச்சத்தை விட்டுவிடலாம். இசட்0011 என்ற ஆய்வில் இப்படி விட்டவர்கள் 10 வருடம் கழித்தும் முழுசாக எடுத்தவர்களுக்குச் சமமாகவே இருந்தார்கள். மார்பை முழுவதும் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு அக்குளுக்கு ரேடியேஷன் கொடுப்பதா, அகற்றுவதா என்று தனியாகப் பேச வேண்டும். சரி, முடிச்சு கிடைக்கவே இல்லை என்றால்? நூறில் சிலருக்கு அப்படி ஆவது உண்டு. அக்குளின் கீழ்ப்பகுதியிலுள்ள முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறை இருக்கிறது, டாடா மெமோரியலில் அதை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டிருக்கிறார்கள், ஐசோடோப்போ சாயமோ இல்லாத ஊர்களுக்கும் உதவும் என்று சொன்னார். கடைசியில், மூன்று அல்லது அதற்கு மேல் முடிச்சில் நோய் இருந்தால் மட்டும் முழு அக்குள் என்று படிவத்தில் கையாலேயே எழுதி, தானும் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் நான் போட்டேன். எல்லா சர்ஜனும் எழுதித் தருவார்களா என்றால் சந்தேகம்தான். ஆனால் கேட்டால் கோபப்படுகிறவரிடம் மயக்கத்தில் போய்ப் படுக்க நான் தயாராக இல்லை.

மயக்கம் தெளிந்ததும் முதலில் வலது கையால் இடது அக்குளைத் தடவிப் பார்த்தேன். டிரெயின் குழாய் இல்லை. முழு அக்குள் எடுத்தால் நீர் வடியக் குழாய் வைப்பார்கள் என்று தெரியும், அதனால் குழாய் இல்லாததே எனக்குப் பதிலாகிவிட்டது. மூன்று முடிச்சு எடுத்ததாகவும் ஃப்ரோசனில் மூன்றும் சுத்தம் என்றும் பிறகு சொன்னார்கள். காமா ப்ரோபில் அதிகமாகச் சத்தம் போட்ட முடிச்சு ஒன்று, கருவி அதற்குக் காட்டிய எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காட்டியவை மற்றவை. அந்தப் பத்தில் ஒரு பங்கு விதியை வைத்துத்தான் எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பார்களாம். கணவருக்கு அழைத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சே இல்லை.

ஃப்ரோசன் இறுதி முடிவு இல்லை என்பதை எனக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. வேலைக்குத் திரும்பியிருந்தேன், மான்குர்து தாண்டி கடல் கழிப் பாலத்தில் ரயில் போகும்போது போனில் முழு ரிப்போர்ட் பிடிஎஃபாக வந்தது. மூன்று முடிச்சில் ஒன்றில் மைக்ரோமெட்டாஸ்டாசிஸ், 0.6 மில்லிமீட்டர். மெட்டாஸ்டாசிஸ், அதாவது நோய் பரவல், என்ற சொல் மட்டும்தான் கண்ணில் பட்டது. வாஷியில் இறங்கினேனா, யார் இறக்கினார்கள் என்றே நினைவில்லை. பிளாட்ஃபார பெஞ்சில் உட்கார்ந்து கூகுளில் தேடினேன். அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் எல்லாரும் செய்வோம். சர்ஜன் மாலையில்தான் பேசினார். உறைய வைத்த துண்டில் இவ்வளவு சின்னது தப்பிவிடுவது சகஜம், முழுதாகப் பதப்படுத்திப் பல அடுக்காக வெட்டும்போது தெரியும் என்றார். 0.2 முதல் 2 மில்லிமீட்டர் வரை உள்ளதைத்தான் மைக்ரோ என்கிறார்கள், அதற்காக அக்குளை மறுபடி திறக்க வேண்டியதில்லை என்று ஐபிசிஎஸ்ஜி 23-01 என்ற ஆய்வு காட்டியிருக்கிறது. எனக்கு ஏற்கெனவே திட்டமிட்ட ரேடியேஷனும் ஹார்மோன் மாத்திரையும்தான், மாற்றமில்லை. மாடியில் இருக்கும் பாலக்காட்டு மாமி நல்ல எண்ணத்தோடுதான், "எதுக்கும் இன்னொரு தடவ ஆபரேஷன் பண்ணிக்கோயேன், மிச்சம் வைக்கலாமா?" என்றார். மாமிக்கு விளக்குவது சர்ஜனிடம் கேட்பதைவிடச் சிரமமாக இருந்தது. ஆகவே இரண்டு விஷயம். டிஸ்சார்ஜ் ஆகும்போதே முழு ரிப்போர்ட் எந்தத் தேதிவாக்கில் வரும், அது வந்ததும் யார் என்னிடம் பேசுவார் என்று கேட்டு வையுங்கள். முடிந்தால் போனில் வரும் பிடிஎஃபை டாக்டர் எதிரே உட்கார்ந்துகொண்டுதான் திறங்கள். ரிப்போர்ட்டில் எத்தனை முடிச்சு எடுத்தார்கள், எத்தனையில் நோய், எத்தனை மில்லிமீட்டர் என்ற மூன்றும் இருக்க வேண்டும். சதைத் துண்டுகளை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்குகளையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், பின்னால் வேறு ஆஸ்பத்திரி போனால் அவைதான் தேவைப்படும்.

சென்டினல் மட்டும்தானே, கைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. மேல்கையின் உட்புறம் ஒரு கையகலத்துக்கு இன்னும் மரத்துப்போய்த்தான் இருக்கிறது. அக்குள் வழியாகப் போகும் ஒரு தோல் நரம்பு ஆபரேஷனில் இழுபட்டாலோ அறுபட்டாலோ இப்படி ஆகும். இரண்டு மூன்று வாரத்தில் அக்குளிலிருந்து முழங்கை பக்கம் ஒரு கயிறு மாதிரி தோலுக்கடியில் விண்ணென்று இழுத்தது. கார்டிங் என்கிறார்கள். ரயிலில் லேடீஸ் பெட்டியில் மேலே தொங்கும் கைப்பிடியை இடது கையால் எட்ட முடியவில்லை, வலது கையில் சாப்பாட்டு டப்பா பை. அந்த நாட்களில் யாராவது இடித்தால் கண்ணில் நீர் வந்துவிடும். பிசியோதெரபிஸ்ட் நாலைந்து தடவை நீவிவிட்டு, சுவரில் விரலால் ஏறும் பயிற்சி கொடுத்தார், கயிறு தளர்ந்துவிட்டது. பிசியோவை ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஒருமுறை பார்த்து இரண்டு கையின் சுற்றளவையும் அளந்து வைத்துக்கொண்டால் பிறகு வீக்கமா இல்லையா என்று குழம்ப வேண்டாம். ரத்த அழுத்தம் பார்க்கவும் ரத்தம் எடுக்கவும் நான் வலது கையைத்தான் நீட்டுகிறேன். ஆனால் மூன்று முடிச்சு எடுத்ததற்காகப் பாத்திரம் தேய்க்காதே, பை தூக்காதே என்ற கெடுபிடியெல்லாம் வேண்டாம், மெதுவாகக் கனத்தைக் கூட்டிப் பழக்கு என்றுதான் பிசியோவும் சொன்னார்.

ரேடியேஷன் முடிந்த பிறகுதான் இன்னொன்றைப் படித்தேன். 2 சென்டிமீட்டர் வரையிலான கட்டி, சோனோகிராஃபியில் சுத்தமான அக்குள், இப்படிப்பட்டவர்களுக்குச் சென்டினல் முடிச்சுகூட எடுக்காமல் விட்டாலும் நோய் திரும்புவதில் வித்தியாசமில்லை என்று இத்தாலியிலிருந்து சவுண்ட் ஆய்வு 2023இல் வந்திருக்கிறது. அடுத்து ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சேர்ந்த இன்செமா 2024 கடைசியில். அடுத்த முறை பார்க்கப் போனபோது இதைக் கேட்டேன். சர்ஜன் சிரித்தார். அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள், முடிச்சில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மற்ற மருந்து மாறுமா என்பதைப் பொறுத்தது, உங்கள் வயதில் நான் எடுத்துத்தான் பார்ப்பேன் என்றார். அந்த 0.6 மில்லிமீட்டரைத் தெரிந்துகொண்டது எனக்கு நல்லதா, தெரியாமலே இருந்திருந்தால் நிம்மதியா என்று இன்றும் என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை. உங்களுக்கு ஐம்பதைத் தாண்டி, கட்டி சின்னதாக இருந்தால் இந்தக் கேள்வியையும் கேளுங்கள். பழைய முறையிலேயே போகும் சர்ஜனாக இருந்தால் புருவம் தூக்குவார், தூக்கட்டும்.

பணக் கணக்கில், ஸ்கேன் சென்டரின் 9,500 ரீஇம்பர்ஸ்மென்டில் முழுதாக வந்துவிட்டது. ஐசிஜி கேமரா 12,000இல் பாதி வந்தது, மயக்க மருந்து டாக்டர் காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்ததால் அதுவாவது கிடைத்தது. வீணாய்ப் போன அட்மிஷன் 11,400 வரவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன், மறுத்துவிட்டார்கள். மறுத்தாலோ ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். மும்பைக்கு அந்த அலுவலகம் சாந்தாகுரூஸில் இருக்கிறது. ஆபரேஷன் தள்ளிப்போனது மருந்து வராததால்தான் என்று சர்ஜனிடம் ஒரு கடிதம் வாங்கி, முதல் ப்ரீ-ஆதரைசேஷன் நகலோடு சேர்த்துப் போட்டிருக்கிறேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.